எக்ஸ்ரேக்கு நாள் பார்த்த காலம்

பாளையங்கோட்டையில் மூன்று வருடம் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கிய எனக்குக் கிடைத்த முதல் வேலை, வருகிற பெண்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஜங்ஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்குப் பின்கட்டில் இருந்தது அந்த எக்ஸ்ரே நிலையம். டாக்டர் ஒருவர், படம் எடுக்கும் அண்ணாச்சி ஒருவர், நான் ஒருத்தி. மொத்த ஆள்பலம் அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் நாளே டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபிலிமை எடுத்து வெளிச்சப் பெட்டியில் செருகினார். ஒரு பெண்ணின் இடுப்புப் படம். முதுகெலும்பு நேராக இறங்கியிருந்தது. அதன் பக்கத்தில் நெத்திலி முள் போல இன்னொரு சின்ன முதுகெலும்பு சுருண்டு கிடந்தது. எனக்கு விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் உட்கார்ந்துவிட்டேன்.

"நாலு மாசம் இருக்கும். அந்தப் பிள்ளையும் சொல்லல, நாங்களும் கேக்கல. முதுகுவலின்னு வந்தா, படுக்கப் போட்டு எடுத்துட்டோம். கொடுத்த விலாசத்துல போய்த் தேடினேன், அப்படி ஒரு தெருவே இல்ல" என்றார். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுன்னுதான் புத்தகம் சொல்லுது. ஆனா புத்தகமா ராத்திரி முழிச்சிக்கிட்டுக் கிடக்கு? நான்லா கிடக்கேன்."

அதனால்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார். இடுப்பு, வயிறு, முதுகுத்தண்டு என்று சீட்டு எழுதி வரும் பெண்களிடம், கடைசியாக விலக்கானது எந்தத் தேதி என்று கேட்க வேண்டும். பத்து நாளைக்குள் என்றால் உள்ளே அனுப்பலாம். நாள் தள்ளியிருந்தால், தள்ளிப்போட முடிகிற படத்தைத் தள்ளிப்போட வேண்டும். தெரியாமல் ஒரு பிள்ளை மேல் கதிர் படக்கூடாது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் கேட்டால் பெண்கள் எழுந்து ஓடினார்கள். அண்ணாச்சியோ புன்னக்காயல்காரர், கடலுக்குப் பயப்படாதவர், இந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னால் ஃபிலிம் கழுவும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

எங்கள் வீடு சைவ வீடு. அப்பா தமிழாசிரியர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்டபோது "ஆபீஸ் வேலைப்பா" என்றேன். கடைசிவரை அதற்குமேல் அவருக்குச் சொல்லவில்லை. வீட்டிலேயே அந்த மூன்று நாட்களுக்கு நாங்கள் பெயர் சொல்வதில்லை. அம்மா கண்ணைக் காட்டுவாள், நாங்கள் பின்னறைக்குப் போய்விடுவோம். இப்படி வளர்ந்தவளிடம் ஊரார் வீட்டு மருமகள்களை நிறுத்தி வைத்துக் கேட்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

முதல் நாள் நான் கேட்ட லட்சணம் இது.

"கடைசியா எப்ப?"

"என்னது எப்ப?"

"அதுதான் மதினி."

"எது?"

"அதுதான்... கடைசியா..."

"காலைல ரெண்டு இட்லி. வெறும் வயித்தோட வரணும்னு யாரும் சொல்லலியே!"

இரண்டாவது வாரம் கொஞ்சம் கெட்டிக்காரியாகி, "கடைசியா எப்ப கோயிலுக்குப் போகாம இருந்தீங்க?" என்று மாற்றிக் கேட்டேன். "நான் எங்க போனேன்? ஆனித் தேருக்கே என்னக் கூட்டிட்டுப் போகல இந்த மனுசன்" என்று ஒருத்தி வெளியே இருந்த புருஷனைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே படம் எடுக்காமல் போய்விட்டார்கள். மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா, "எங்களுக்கு எதுக்கும்மா கோயிலு?" என்று விழித்துவிட்டு, என் முகம் சிவப்பதைப் பார்த்துச் சிரித்தார். "தொழுக இல்லாத நாளக் கேக்குதியா? அத நேரா கேக்கதுக்கென்ன? உம்மாட்ட கேக்க மாதிரி கேளு" என்று சொல்லிவிட்டுத் தேதியையும் காதில் சொன்னார். அன்று முழுக்க எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம்.

ஆனால் எல்லாரும் அவர் ஆகிவிடுவார்களா? பாதிப் பேர் மாமியாரோடு வந்தார்கள். கேள்வி மருமகளுக்குப் போகும், பதில் மாமியாரிடமிருந்து வரும். இன்னும் பாதிப் பேர் சித்தப்பா, மைத்துனர், பக்கத்து வீட்டு அண்ணாச்சி என்று ஒரு டவுன் பஸ் ஆட்களோடு வந்தார்கள். எங்களிடம் இருந்ததோ கதிர் படாமல் தடுக்கிற ஈய ஏப்ரன் இரண்டே இரண்டு. உள்ளே யாரும் நிற்கக்கூடாது, சின்னப் பிள்ளைக்குப் படம் என்றால் அதைப் பிடித்துக்கொள்ளும் ஒருத்தர் மட்டும் ஏப்ரன் போட்டு நிற்கலாம் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தோம். அதைப் படித்துவிட்டு ஆறு பேர் உள்ளே போய், அந்த ஏப்ரனை மரியாதையாக ஆளாளுக்கு நீட்டுவார்கள். "நீங்க போடுங்க அத்தான்", "சேச்சே, மூத்தவர் நீங்க இருக்கும்போது நானா?" கடைசியில் அது யாரும் போடாமல் ஒரு நாற்காலியில் கிடக்கும். அண்ணாச்சி அதட்டி எல்லாரையும் வெளியே துரத்துவதற்குள் நோயாளிக்கு வலியே பாதி குறைந்திருக்கும்.

அண்ணாச்சி சட்டையில் குத்தியிருந்த பேட்ஜும் ஒரு தொந்தரவு. அவர் மேல் எவ்வளவு கதிர் படுகிறது என்று அளக்க, உள்ளே சின்ன ஃபிலிம் வைத்த பேட்ஜ் அது. அவர் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் குத்தியிருந்ததால், அதுவும் ஏதோ ஒரு புனிதர் என்று நினைத்து வயதான பெண்கள் தொட்டு முத்தம் வைத்தார்கள். அவரும் தடுக்கமாட்டார். "நல்லது நெனச்சித்தானே செய்யுதாவ" என்பார்.

என் பிரச்சினையைத் தீர்த்து வைத்தது காலண்டர். ஒரு பாத்திரக் கடை கொடுத்த மாதக் காலண்டர், மேலே முருகன், கீழே கட்டம் கட்டமாகத் தேதி. ஒருநாள் கேள்வி வாயில் வராமல் போனபோது அந்தக் காலண்டரைக் கழற்றி ஒரு பெண் முன்னால் நீட்டி, "விரல வைங்க, வாய் வேண்டாம்" என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு பைய ஒரு தேதி மேல் விரலை வைத்தாள். பேச்சில்லை, வெட்கமில்லை. மாமியார் பக்கத்திலேயே நின்றார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் ராஜ்ஜியம் பிடித்த மாதிரி டாக்டரிடம் ஓடினேன். அவரும் "நோபல் பரிசுக்கு எழுதிப் போட வேண்டியதுதான்" என்றார்.

அந்தச் சந்தோஷம் இரண்டு மாதம் நிலைத்தது. அதற்குள் ஊர் தன் போக்கில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. உள்ளே போகுமுன் காலண்டரைத் தொடச் சொல்கிறார்கள், சிலரை எடுக்கிறார்கள், சிலரை "பத்து நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்புகிறார்கள். அப்படியானால் அர்த்தம் என்ன? இந்த இடத்தில் நாள் பார்த்துத்தான் படம் எடுக்கிறார்கள்! ஆண்களும் காலண்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். முருகன் நெற்றியில் யாரோ திருநீறு பூசிவிட்டார்கள். கை ஒடிந்து தொங்க வந்த ஒருவர், "மணி பத்தரை ஆச்சு, ராகு காலம் முடியட்டும்" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவர் முனகிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரமும் டாக்டர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

டாக்டருக்குச் சாமியும் கிடையாது, சாத்திரமும் கிடையாது. தன் கல்யாணத்தையே அஷ்டமியில் செய்துகொண்டவர். "நாற்பது வருசமா மூட நம்பிக்கைய எதுத்துப் பேசிட்டு வாரேன். இப்ப என் ஆஸ்பத்திரிக்கு 'ஜோசியர் எக்ஸ்ரே'ன்னு பேரு. கழற்றிப் போடு அந்தக் காலண்டர!" என்று கத்தினார். நான் கழற்றி மேஜையில் வைத்தேன். அடுத்து உள்ளே வந்த பெண்ணிடம் அவரே கேட்கப் போனார். அவள் எழுந்து போய்விட்டாள். டாக்டர் அந்தப் பழைய ஃபிலிம் கிடந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே காலண்டரை எடுத்து ஆணியில் மாட்டினார், கொஞ்சம் கோணலாக.

சீவலப்பேரியிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

மாமியாருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவர் குரல் மருந்துக் கடைக்காரருக்கு முதலில் கேட்டது, பிறகுதான் எங்களுக்கு. மருமகளுக்கு என் வயது. "முதுகு வலிக்கி முதுகு வலிக்கின்னு ஒரு மாசமா ஒரு வேல ஓடல இவளுக்கு. எங்க ஊரு டாக்டருட்ட நானே கேட்டுச் சீட்டு எழுதி வாங்கிட்டு வந்துட்டேன். எடுங்க, என்னன்னு பாத்துருவோம்" என்றார். நான் காலண்டரை நீட்டி, வழக்கம்போல "விரல வைங்க, வாய் வேண்டாம்" என்றேன். மருமகள் பின்பக்கம் மடித்திருந்த போன மாதத் தாளைத் திருப்பி, அதில் ஒரு தேதி மேல் விரலை வைத்தாள். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து நாலு நாள்.

உடை மாற்றும் மறைவுக்கு அவளைக் கூட்டிப்போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடி வலித்தது. "ரெண்டு தடவ போயிருச்சுக்கா. ரெண்டும் மூணாம் மாசம். ரெண்டு தடவையும் நாள் தள்ளுனதுமே எங்க அத்தை தெரு பூராச் சொல்லிட்டாவ. கண்ணு பட்டிருச்சோ என்னமோ. இந்தத் தடவ மூணு மாசம் முடியற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு காந்திமதியம்மைக்கு நேந்திருக்கேன். அவியளுக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள். அவியள் என்றது புருஷனை. அவர் தூத்துக்குடியில் துறைமுக வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார்.

"வீட்டுல நீ விலக்காகலன்னு உங்க அத்தைக்குத் தெரியாதா?"

"மூணு நாளு சும்மாவே ஒதுங்கி உக்காந்துட்டேன்" என்றாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அழுகைக்கு நடுவில் லேசாகச் சிரிப்பும் வந்தது அவளுக்கு. "சொல்லிராதீங்கக்கா. படமும் எடுத்துராதீங்க."

அத்தையிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றார். என்ன சொல்வது? மிஷின் கெட்டுவிட்டது என்றால், அந்தப் பக்கம் அண்ணாச்சி ஒருத்தருக்கு நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் கோணலாக முருகன் தொங்கினான். வாய் தானாகத் திறந்தது.

"பெரியம்மா, உங்க மருமவளுக்கு என்ன நட்சத்திரம்?"

"ரோகிணி."

"ரோகிணிக்கு இன்னைக்குச் சந்திராஷ்டமம். இங்க எடுக்க மாட்டோம்."

அந்தம்மா காலண்டரைப் பார்த்தார். அன்றைக்குச் சந்திராஷ்டமம் என்று அதில் போட்டிருந்தது வேறு நட்சத்திரம். அதை நான் பிறகுதான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு திடீரென்று, "பஸ்ஸப் பிடிச்சி வேகாத வெயில்ல வந்திருக்கோம், நாள் சரியில்லையாம்லா நாளு! எலும்புக்கு என்னட்டி நாளு? ஏட்டி, வா போவோம்" என்று பிடித்தார் ஒரு பிடி. பஸ் நிறுத்தம் வரை கேட்டிருக்கும். இந்த வாய்க்குப் பயந்து அந்தப் பெண் மூன்று நாள் பொய்யாக ஒதுங்கி உட்கார்ந்ததில் தப்பே இல்லை என்று தோன்றியது.

டாக்டரிடம் சொன்னேன். பொய் சொன்னதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். "சந்திராஷ்டமமா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "படம் எடுக்கலேல்ல? அது போதும்" என்றார்.

பதினைந்து நாள் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். மருமகள் பழைய தாளைத் திருப்பி அதே தேதியைத் தொட்டாள், கண்ணால் என்னைக் கெஞ்சினாள். நான் "இன்னைக்குக் கரிநாள் பெரியம்மா" என்றேன்.

"கரிநாளு போன வாரம்லா போச்சு!"

எனக்கு அதற்குமேல் பஞ்சாங்கம் தெரியாது. அந்த நேரம் பார்த்து டாக்டர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல இருந்தது. "அவ சொல்லுதது சரிதாம்மா. இன்னைக்கு... நாள்... சரியில்ல" என்றார். அண்ணாச்சி கையிலிருந்த ஃபிலிம் கேசட்டைக் கீழே போட்டுவிட்டார். ராகு காலம் முடியக் காத்திருந்த ஒருத்தர் எழுந்து டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். மாமியார் முன்னைவிட இரண்டு மடங்கு சத்தம் போட்டார். "படிச்ச டாக்டரு பேசுத பேச்சா இது?" என்று கேட்டபோது டாக்டர் பாவம், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நாற்பது வருடமாக அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது.

மூன்றாம் முறை மாமியார் ஆயத்தமாக வந்தார். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். முந்தியில் முடிந்து வைத்திருந்த சீட்டை எடுத்து என் மேஜையில் விரித்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய சீட்டு. சீவலப்பேரி ஜோசியர் மருமகள் பேருக்குக் கணித்து, அன்றைய தினமான வியாழக்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து பத்து மணிக்குள் 'எக்ஸ்ரே எடுக்க உத்தமம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். "இப்ப என்ன சொல்லுத? நாளும் நல்ல நாளு, நேரமும் நல்ல நேரம். எடுப்பியா, மாட்டியா?" என்றார். கேட்டுவிட்டு என் வாயையே பார்த்தார். மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மூன்று மாதம் முடிய இன்னும் இருபது நாள் இருந்தது.

நான் உள்ளே ஓடினேன். டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். "இதுக்கு மேல மறுத்தா அந்தம்மா வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிரும். அங்க யாரு கேப்பா? படுக்கப் போட்டு எடுத்துருவான்" என்றார். பிறகு அண்ணாச்சியைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஏற்பாடு சொன்னார். மிஷினுக்குப் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிட வேண்டும். அப்படியும் அந்தப் பெண்ணை ஈயத் தடுப்புக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார வைத்து ஏப்ரனும் போட்டுவிட வேண்டும். செத்த மிஷினிடமிருந்து இவ்வளவு பாதுகாப்பு எதற்கு என்று அண்ணாச்சியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே ஃபிலிம் கேட்பார்கள், அதற்கு ஒளி படாத ஒரு வெறும் ஃபிலிமைக் கழுவிக் கொண்டுவர வேண்டும்.

மருமகள் உள்ளே போனாள். மாமியாரும் பின்னாலேயே நுழைந்து மிஷினுக்கு ஒரு பொட்டுச் சந்தனம் வைத்துவிட்டு வந்தார். ஈயத் தகடு பதித்த கதவு சாத்தப்பட்டது. கதவுக்கு மேல், தனி ஸ்விட்ச் உள்ள சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல், கட்டுமரத்திலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரல், "மூச்ச நல்லா இழுங்க! பிடிங்க! அசையப்படாது!" என்று கேட்டது. அடுத்து டங்கென்று ஒரு சத்தம். எவர்சில்வர் தட்டை அடித்திருந்தார். எங்கள் மிஷின் அதுவரை அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு திரும்பினால், பெஞ்சில் மாமியார் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு மடியிலிருந்து சரிந்து பாக்கு தரையில் உருண்டது. அவர் குனியவில்லை.

"எடுக்காவளா?" என்றார். அவருக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. "நெசமாவே எடுக்காவளா?"

"நீங்கதான பெரியம்மா எடுக்கச் சொன்னீங்க?"

"நான் சொன்னா? நீ எடுக்க மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான? ரெண்டு தடவ சொன்னேல்லா?" அவர் முந்தியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். "அப்ப இல்லையா? இதுவும் போயிட்டா?"

நான் பெரிய தந்திரசாலி என்று இருந்தேனே, அந்தக் காலண்டர் எதற்கு என்று நாள் பார்க்கிற ஆண்களுக்குத்தான் தெரியவில்லை. இந்த ஜில்லாவில் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தம்மாவுக்கு முதல் நாளே தெரியும். இங்கே எடுக்க மாட்டோம் என்று சொன்னால் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் முதல் தடவை வந்திருக்கிறார். இன்னும் இருக்கிறதா என்று பார்க்க இரண்டாம் தடவை. நாளும் நேரமும் சுத்தமாக இருந்து, நாங்கள் வேறு சாக்குச் சொல்ல வழியே இல்லாமல், அப்படியும் மறுத்தால் சந்தேகமே இல்லை என்று ஆகும். அதற்குத்தான் ஜோசியரின் சீட்டு. நாங்கள் மூன்று முட்டாள்களும் கூடி விளக்கைப் போட்டுத் தட்டையும் அடித்துவிட்டோம்.

ஆனால் சொல்ல மாட்டேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே. இந்தம்மா அழுவதைப் பார்க்கவும் முடியவில்லை. அந்த நேரத்தில் அண்ணாச்சி இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட அந்த ஃபிலிமைக் கொண்டுவந்தார். நான் அதைப் பிடுங்கி அந்தம்மா முகத்துக்கு நேராக ட்யூப்லைட்டில் பிடித்தேன்.

"பாருங்க பெரியம்மா. எலும்பு எதும் தெரியுதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். லேசான நீலம், அதைத் தாண்டி எதிர்ச் சுவர், சுவரில் முருகன். "ஒண்ணும் தெரியலியே."

"எடுத்திருந்தா தெரியும்லா?"

அவர் ஃபிலிமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபிலிமைப் பார்த்தார். பிறகு ஈரத்தோடு அதை இரண்டு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மருந்துத் தண்ணீர் கண்ணில் பட்டு எரிந்திருக்கும். அவர் கவலைப்படவில்லை.

"மூணு நாளு ஒதுங்கி உக்காந்தா. கொடியில ஒரு துணி காயல. எனக்குத் தெரியாதாட்டி?" என்று கிசுகிசுத்தார். "ரெண்டு தடவையும் நாந்தான் சந்தோசத்துல ஊருக்குச் சொன்னேன். என் வாயிதான் தின்னுட்டு அந்த ரெண்டையும். இந்தத் தடவ கேக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன்னு இருக்கேன். ஆனா தெரியாம எப்படி இருக்கது? ராத்திரி ஒறக்கம் வரமாட்டேங்கு." அவரால் நிகழ்ந்தது எதுவும் இல்லை, இது உடம்பின் காரியம் என்று டாக்டர் சொல்லியிருப்பார். நான் அதைச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

கதவு திறந்தது. அவ்வளவுதான், அந்தம்மாவின் பழைய குரல் திரும்ப வந்துவிட்டது. "ஏட்டி, இங்கன வந்து பாரு இந்தக் கூத்த! ஒரு எலும்பு விழுந்திருக்கா இதுல? படம் எடுக்கத் தெரியாத ஆளுவளுக்கு மிஷினு என்னத்துக்கு? நாளு பாக்காவளாம் நாளு!" என்று தெரு அதிரக் கத்தினார். மருமகள் அவர் முதுகுக்குப் பின்னால் என்னைப் பார்த்து, அத்தையை ஏமாற்றிவிட்டோம் என்று கண்ணைச் சிமிட்டினாள். நானும் சிமிட்டினேன். வேறென்ன செய்ய? டாக்டர் கதவிடுக்கில் நின்று, "இன்னும் ஏம்மா திட்டுதாவ?" என்று பரிதாபமாகக் கேட்டார். "சந்தோசத்துல சார்" என்றேன்.

வாசலில் மருமகள் செருப்பை மாட்டும்போது மாமியார் மட்டும் திரும்பி வந்தார், தட்டை எடுத்துக்கொள்கிற சாக்கில். என் காதருகே குனிந்து, "பதினஞ்சு நாளு கழிச்சு வாரேன். எடுக்க மாட்டேன்னு சொல்லிரணும், என்ன?" என்றார். அந்த வெறும் ஃபிலிமைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

சொன்னபடி வந்தார்கள், மறுத்தோம், திட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. வராததற்கு நல்ல காரணமும் இருக்கலாம், கெட்ட காரணமும் இருக்கலாம். டாக்டர் காலையில் வந்ததும் "சீவலப்பேரி வந்தாச்சா?" என்று கேட்பார், நான் இல்லை என்று தலையாட்டுவேன், அவர் உள்ளே போய்விடுவார். இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் ஓடியது. அண்ணாச்சி மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார் என்று எனக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை.

ஒருநாள் அந்தம்மா தனியாக வந்தார். முழங்கால் வலி, அவருக்கே படம் எடுக்கச் சீட்டு. எனக்குக் கேட்க வாய் வரவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல், பழக்கத்தில் காலண்டரைக் கழற்றி அவர் முன்னால் நீட்டிவிட்டேன். ஐம்பத்தைந்து வயது அம்மாவிடம்! அவர் என் கையில் ஓர் அடி போட்டார். பிறகு மடியிலிருந்த துணிப்பையை ஒதுக்கி வைத்தார். உள்ளே கண்ணாடி வளையல்கள் கிணுங்கின, டஜன் கணக்கில் இருக்கும். காலண்டரைத் தன் பக்கம் இழுத்து, தாளைத் தூக்கி, அடுத்த மாதத்தில் ஒரு முகூர்த்த நாள் மேல் விரலை வைத்து அழுத்தினார்.

"என்ன நாளு பெரியம்மா இது?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது.

"வாய் வேண்டாம்னு நீதானட்டி சொன்ன?" என்றார்.